இந்த வருஷம் சாரலுக்கு ஊரில் இருப்பேன்

டிக்கெட் வந்துவிட்டது. ஜூன் 27 இரவு மஸ்கட்டில் ஏறினால் விடியும் முன்னே திருவனந்தபுரம். அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். முப்பது நாள் லீவு. ஆனி நடுவில் போய் இறங்கி, ஆடி பத்துத் தேதி வரைக்கும் ஊரில் இருப்பேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு ஊர் பண்பொழி. பஸ் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும், பெரியவர்கள் வாயில் வருவது பம்புளி. தென்காசி மாவட்டம், செங்கோட்டைக்குப் பக்கம், திருமலைக்கோவில் மலையடிவாரம். வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலைதான். அந்த மலையைத் தாண்டினால் கேரளா.

எங்கள் ஊரில் ‘சீசன்’ என்றால் ஒரே அர்த்தம்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். குற்றாலத்தில் தண்ணீர் விழும், சாரல் அடிக்கும். நான் கடைசியாக அந்தச் சாரலில் நனைந்தது 2018 ஜூலையில். அடுத்த மாதம் மஸ்கட்டுக்கு வந்தேன். எட்டு வருஷம் ஆகிவிட்டது.

இடையில் ஊருக்குப் போகாமல் இல்லை. கொரோனா காலம் போக, வருஷத்துக்கு ஒரு தடவை போய்விட்டுத்தான் வருகிறேன். ஆனால் எப்போதும் பொங்கலை ஒட்டித்தான் லீவு கிடைக்கும். குடும்பத்தை இங்கே வைத்திருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஜூன், ஜூலையில் போவார்கள். நான் தனி ஆள், மனைவியும் மகளும் ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். அதனால் கோடையில் வேலை பார்க்கிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள எப்போதும் நான்தான். 2023இல் ஒரு தடவை ஜூன் லீவு சேங்ஷன் ஆகி, டிக்கெட்டும் போட்டு, பெட்டிகூடக் கட்டிவிட்டேன். புறப்பட பத்து நாள் இருக்கும்போது லீவு ரத்து. அன்றைக்கு ராத்திரி மகளுக்குப் போன் பண்ணவே மனசு வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

தை மாதத்தில் போவதிலும் குறை ஒன்றும் இல்லை. வயலில் பிசானப் பருவ நெற்பயிர் நிற்கும். பனி இருக்கும், பொங்கல் இருக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஆனால் அது வேறு ஊர் மாதிரி இருக்கும். மலை தெளிவாக, அசையாமல், படத்தில் இருப்பதுபோல நிற்கும். எனக்குத் தெரிந்த மலை அப்படி நிற்காது. பாதி நேரம் மேகத்துக்குள் இருக்கும். காலையில் அடிவாரம் மட்டும் தெரியும், பத்து மணிக்குத் திருமலைக்கோவில் தெரியும், பதினொரு மணிக்குக் கோவிலும் காணாமல் போய்விடும்.

சாரல் என்பது மழை இல்லை. இதை நான் இங்கே அறையில் இருக்கிற மற்ற ஊர் நண்பர்களுக்குப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி, மழையை அங்கேயே கொட்டிவிடும். ஆரியங்காவில் மலை கொஞ்சம் தாழ்ந்து கணவாயாக இருக்கிறது. அந்தச் சந்து வழியாக மேகமும் காற்றும் எங்கள் பக்கம் வரும். வரும்போது மழை பொடிந்து, மாவு சலித்ததுபோல விழும். அதுதான் சாரல். குடை பிடித்தால் காற்று குடையைத் திருப்பிவிடும். நனைந்து விட்டோமே என்று தலையைத் துவட்டுவதற்குள் வெயில் வந்துவிடும். சட்டை காய்வதற்குள் அடுத்த சாரல். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி நடக்கும். அதே நாளில் கிழக்கே சங்கரன்கோவிலுக்குப் போனால் வெயில் கொளுத்தும், காற்று மட்டும் புழுதியோடு அடிக்கும். நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு உலகம்.

இங்கே மஸ்கட்டில் இப்போது என்ன நிலை என்று சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்று புரியும். பகலில் 40 டிகிரிக்கு மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12:30 முதல் 3:30 வரை வெளிவேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. அதனால் கோடையில் குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுவோம். அது அறைக்குள் நிழலில் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால்தான் குளிக்கிற தண்ணீர் வரும். அதுவும் இரண்டு பேர் குளிப்பதற்குள் தீர்ந்துவிடும். வளைகுடாவில் இருக்கிற எல்லாருக்கும் இது பழகிய விஷயம். எனக்கும் பழகிவிட்டது. ஆனால் தினமும் காலையில் அந்தக் குழாயின் கீழ் நிற்கும்போது பழைய குற்றாலம் அருவி நினைவுக்கு வராமல் இருந்ததே இல்லை.

2022இல் நண்பர்களோடு சலாலாவுக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர், ராத்திரி முழுக்கப் பயணம். வழி நெடுக வெறும் பாலைவனம். சலாலாவை நெருங்கி மலையில் ஏறியதும் திடீரென்று மேகம் வண்டியை மூடிக்கொண்டது. கண்ணாடியில் பொடிப்பொடியாகத் தண்ணீர். இறங்கிப் பார்த்தால் மலை முழுக்கப் பச்சை. ‘கரீஃப்’ என்று சொல்கிறார்கள். அதே தென்மேற்குப் பருவக்காற்றின் ஓரம்தான் அந்த மலையை உரசிக்கொண்டு போகிறது. கீழே ஊருக்குள் வந்தால் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், ரோட்டோரம் இளநீர்க் கடை. நான் ஒரு இளநீரை வெட்டி வாங்கிக்கொண்டு தனியாகப் போய் நின்றேன். முகத்தில் சாரல் படுகிறது. இது இப்படியே கடலைத் தாண்டிப் போனால் நம் வீட்டு ஓட்டில் விழும் என்று தோன்றியது. அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு சீசனுக்காவது ஊரில் இருந்துவிட்டு வர வேண்டும் என்று.

இந்த வருஷம் அது நடக்கப்போகிறது. ஆனால் லீவு எழுதிக் கொடுக்கும்போது ஒரு பயம் இருந்தது. சாரல் நம் தேதிக்கு வருமா? கேரளாவில் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும் என்பது கணக்கு. 2025இல் மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அதுதான். சில வருஷம் ஜூலை பிறந்தும் மலை காய்ந்துபோய் நிற்கும், அருவியில் நூல் மாதிரித் தண்ணீர் வடியும். நம் லீவு தேதி காற்றுக்குத் தெரியாதே.

அதனால் மே மாதம் பிறந்ததிலிருந்து எனக்கு ஒரே வேலை, அணை நிலவரம் பார்ப்பது. திருநெல்வேலிப் பக்கம் பேப்பர் படிப்பவர்களுக்கு அந்தப் பட்டியலும் அணைகளின் முழு உயரமும் தெரியும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனாநதி 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36.10, அடவிநயினார் 132. சின்ன வயதில் வாய்ப்பாடு மாதிரி மனசில் ஏறியது. அப்பா காலையில் டீக்கடையில் பேப்பரைத் திருப்பினால் முதலில் பார்ப்பது அதைத்தான். செங்கோட்டைக்கு மேலே இருக்கிற குண்டாறு ரொம்பச் சின்ன அணை, பெரும்பாலும் முதலில் நிரம்புவது அதுதான். எங்களுக்கு முக்கியம் மேக்கரையில் இருக்கிற அடவிநயினார். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் கார் பருவ நெல் சாகுபடி நிற்கிறது.

அப்பாவுக்கு ஏழு மரக்கால் விதைப்பாடு, அதாவது அவ்வளவு விதை பாவுகிற அளவு வயல் இருக்கிறது. பெரிய நிலம் இல்லை, ஆனால் அவர் அதை விட்டு ஒரு நாளும் விலகி இருந்ததில்லை. இப்போது முழங்கால் வலி. வரப்பில் உட்கார்ந்துகொண்டு ஆட்களிடம் சொல்லிச் செய்கிறார். ஜூன் தொடக்கத்தில் நாற்றுப் பாவியாகிவிட்டது. நான் போய்ச் சேரும் வாரம் நடவு. “நீ வந்துதான் நடணும்னு இல்ல. வரப்புல வந்து நின்னாப் போதும்” என்றார் போனில். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. நான் நிச்சயம் தொழிக்குள், உழுது கலக்கிய சேற்றுக்குள் இறங்குவேன். தொழி அடித்த வயலில் கால் வைத்தால் மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், முழங்கால் வரைக்கும் இறங்கினால் உள்ளே சேறு குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிர்ச்சியை என் கால் இன்னும் மறக்கவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வருகிற வழியையும் இப்போதே மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிவிட்டேன். என் சேக்காளி ஒருவன் காரோடு வருகிறான். நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை. வழியெல்லாம் ரப்பர் மரம், இருட்டு, நல்ல மழை. ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலில் எஸ் வளைவு இறங்கும்போது மழை நின்றுவிடும். எதிரே திறந்துகொள்ளும். கீழே புளியரை வயல்கள், ஊடே தென்னைகள், தூரத்தில் வெயில். வண்டியை ஓரம் கட்டி இறங்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி புளியரையில் பிறந்தவள். அவள் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1இல் தான் செங்கோட்டைப் பகுதி நம் பக்கம் சேர்ந்தது. “நான் ஒரே வீட்டுல இருந்தேன், ராஜ்ஜியம்தான் மாறிச்சு” என்பாள். கடைசி வரை அவளுக்கு அந்த எஸ் வளைவு இறங்கினால்தான் மூச்சு வரும். எனக்கும் அப்படித்தான்.

சரி, அருவிக்கு வருகிறேன்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா என்னை முதல் தடவை சீசனில் பேரருவிக்குக் கூட்டிப் போனார். வெளியூர்க்காரர்கள் வருவதற்கு முன்னால் குளித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. காலை மூன்றரை மணிக்கே எழுப்பிவிட்டார். டிவிஎஸ் 50இல் முன்னால் என்னை நிறுத்திக்கொண்டார். செங்கோட்டை தாண்டியதும் சாரல் ஊசி மாதிரி முகத்தில் குத்தியது. குற்றாலத்தை நெருங்கும்போது அருவி கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் முதலில் வரும். மலைக்குள் ஒரு ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருப்பதுபோல. எனக்குப் பயம் வந்துவிட்டது. மேலே பொங்குமாகடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, அங்கே பொங்கி வழிந்துதான் தண்ணீர் நம் தலைக்கு வருகிறது, நேரே விழுந்தால் மனுசன் நிற்க முடியாது என்று அப்பா விளக்கிச் சொன்னார். பயம் போகவில்லை. அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மொதல்ல கையக் குடு. அப்புறம் தோளக் குடு. தலைய கடைசியில குடுக்கணும்.”

அப்படியே செய்தேன். கை முதலில் மரத்துப்போனது. தோளில் விழும்போது யாரோ தட்டித் தட்டி எழுப்புவதுபோல இருந்தது. தலையைக் கொடுத்ததும் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. கண்ணைத் திறக்க முடியாது, மூச்சைச் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். அப்பாவின் கை மட்டும் என் கையில் இருந்தது. வெளியே வந்ததும் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. கடையில் சூடாக ஆமவடையும் கருப்பட்டிக் காப்பியும் வாங்கித் தந்தார். அந்த வடையின் சூடு கையில் இருந்து உடம்பு முழுக்க ஏறியது. பல் கிட்டித்துப்போய் முதல் கடி கடிக்க முடியாமல் நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை. சரியான தடை. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகக் கீழே போகிறது. தண்ணீர் அதிகமாகிப் பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் யாரையும் விடமாட்டார்கள், அதிலும் எனக்கு வருத்தம் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நிமிஷ நேரத்தில் வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு மலையில் கருக்கல் கட்டினாலே மகளை அருவிப் பக்கம் அனுப்பமாட்டாள். மலைக்கு மேல் எங்கோ பெய்கிற மழை, கீழே வெயில் அடிக்கும்போதும் வரும். ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது முதலில் தெரிய வேண்டும்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. 2018இல் நான் புறப்படும்போது ஒரு வயது. சாரல் படக்கூடாது என்று துண்டில் சுற்றி மனைவி இடுப்பில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் முதன்முதலில் அருவியில் குளித்தது, ரம்புத்தான் பழத்தை உரிக்கக் கற்றுக்கொண்டது, காற்றில் குடை பறந்துபோனது எல்லாம் எனக்குப் போனில் வந்த செய்தி. நான் இல்லாமலே அவள் எங்கள் ஊர்ப் பிள்ளையாக வளர்ந்துவிட்டாள். அது சந்தோஷம்தான். ஆனால் எட்டு வருஷமும் ஒரு சாரல்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நனையவில்லை.

போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று பெரிய திட்டம் எல்லாம் இல்லை. தென்காசி கோவிலுக்குப் போக வேண்டும். பராக்கிரம பாண்டியன் கட்டிய கோவில். அந்த ராஜகோபுரத்துக்குள் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும், சீசனில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பல காலம் இடிந்து மொட்டையாக நின்ற கோபுரத்தை மறுபடி கட்டி 1990இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. அப்பா அதற்குப் போன கதையை இன்னும் சொல்வார். அப்புறம் திருமலைக்கோவில். அறுநூறு படிக்கு மேல், அப்பாவால் இனி ஏற முடியாது, மகளோடு ஏறுவேன். அவரை வண்டியில் மேலே கூட்டிப் போய்விடலாம், இப்போது ரோடு இருக்கிறது.

அப்புறம் உளுந்தஞ்சோறு. அம்மா இதைச் சாரல் நாளில் செய்தால்தான் ருசி. தோல் உளுந்தை வறுத்து உடைத்து, அரிசியோடு வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ போட்டு வேகவைப்பாள். மூடியைத் திறந்ததும் வருகிற வாசனை வாசல் வரைக்கும் வரும். தட்டில் போட்டு நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, எள்ளுத் துவையலோடு. வெளியே ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். தை மாதம் போகும்போதும் செய்து தருவாள், நானும் ரசித்துச் சாப்பிடுவேன், ஆனால் அவளே சொல்லிவிடுவாள்: “இது ஆனி மாசத்துச் சோறுடா, ஒனக்காகத்தான் இப்பக் கிண்டினேன்.”

பெட்டி பாதி நிரம்பிவிட்டது. பேரீச்சம்பழம், பாதாம், பால்பவுடர். அப்பாவின் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் ஒரு டஜன். சாரல் காற்றில் வலி கூடும் என்று அம்மா சொன்னாள். மகளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கியிருக்கிறேன். கடையில் விற்பவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வெளியே 43 டிகிரி.

நேற்று ராத்திரி மகள் பேசினாள். அப்பாவுக்கு அருவியில் குளிக்கப் பயமாக இருக்குமா என்று கேட்டாள். எட்டு வருஷம் ஆயிற்றே, கொஞ்சம் பயம்தான் என்றேன். “நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்ப்பா. மொதல்ல கையக் குடுக்கணும். அப்புறம் தோளு. தலைய கடைசிலதான் குடுக்கணும், சரியா?” என்றாள். நான் இதை அவளுக்குச் சொன்னதே இல்லை. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. போனில் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் அப்பா போனை வாங்கினார். அவர் எப்போதும் சுருக்கமாகத்தான் பேசுவார்.

“குண்டாறு நெறஞ்சுட்டு. அடவிநயினார் நூத்தி இருவதுல நிக்கி.”

இன்னும் பன்னிரண்டு அடி. எனக்கு இன்னும் பதினொரு நாள்.